அமெரிக்க சொராரிட்டிகளில் நிறம்: வடிகட்டி எந்த இடத்தில் இருக்கிறது?

2019 ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அக்காவிடமிருந்து போன். அக்கா குடும்பம் இருபது வருஷமாக அமெரிக்காவில். மூத்த பொண்ணுக்குத் தென் மாநிலம் ஒன்றில் ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருந்தது. "டேய், சொராரிட்டின்னு ஏதோ ஒண்ணுல சேரணுங்கறா. அதுக்கு சிபாரிசு லெட்டர் வேணுமாம். நீதான் எதையாவது தோண்டிப் படிச்சுக்கிட்டே இருப்பியே, என்னன்னு பாத்துச் சொல்லு" என்றாள்.

சிபாரிசு லெட்டர்தானே, பள்ளிக்கூட ஆசிரியர் யாராவது கொடுப்பார்கள் என்று சொல்லிவிட்டேன். தப்பு. அந்த லெட்டரை அதே சொராரிட்டியில் முன்பு உறுப்பினராக இருந்த ஒரு பெண்மணிதான் எழுத வேண்டும். அந்தக் கல்லூரியில் பதினைந்துக்கு மேல் சொராரிட்டி. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி லெட்டர். அக்காவுக்குத் தெரிந்த வட்டம் முழுக்க நம்மூர் எஞ்சினியர்கள், டாக்டர்கள். சொராரிட்டியில் இருந்தவர் ஒருவர்கூடக் கிடையாது. கடைசியில் தெருக்கோடியில் இருந்த ஒரு வெள்ளைக்கார அம்மா ஒரே ஒரு சொராரிட்டிக்கு எழுதிக் கொடுத்தார்.

அன்றைக்கு ஆரம்பித்த தேடல் இது. தொழிலில் நான் மென்பொருள்காரன், சமூகவியல் படித்தவன் இல்லை. அதனால் இதையும் ஒரு சிஸ்டமாகத்தான் பார்த்தேன்: உள்ளே என்ன போகிறது, வெளியே என்ன வருகிறது, நடுவில் எங்கே வடிகட்டுகிறார்கள்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். ஃபிரட்டர்னிட்டி ஆண்களுக்கு, சொராரிட்டி பெண்களுக்கு. பெயரெல்லாம் கிரேக்க எழுத்துகளில் இருப்பதால் மொத்தமாக 'கிரீக் லைஃப்' என்பார்கள். ஹாஸ்டல், கிளப், ரகசியச் சங்கம், பழைய மாணவர் வலைப்பின்னல் நாலையும் ஒன்றாகக் கலந்தால் வருவது இது. பெரிய கல்லூரிகளில் இவற்றுக்கு மாளிகை மாதிரி வீடுகள் உண்டு. வருஷத்துக்கு ஆயிரக்கணக்கில் டாலர் கட்டணம். வேலைக்குப் போகும்போது, தேர்தலில் நிற்கும்போது இந்தத் தொடர்பு கைகொடுக்கும். அதனால்தான் யாரைச் சேர்க்கிறார்கள் என்பது வெறும் பார்ட்டி சமாச்சாரம் இல்லை.

ஆரம்பம் 1776 வரை போகிறது. வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் ஃபை பீட்டா கப்பா தொடங்கிய வருஷம். இன்று நாம் பார்க்கிற மாதிரியான சங்கங்கள் 1825 வாக்கில் யூனியன் கல்லூரியில் முளைத்தன. பெண்களுக்கானவை 1860களின் கடைசியில் வந்தன. அந்தக் காலக் கல்லூரியில் படித்தவர்களே பெரும்பாலும் வசதியான வெள்ளைப் புராட்டஸ்டன்ட் பிள்ளைகள். யாரையும் தனியாக ஒதுக்க வேண்டிய தேவையே வரவில்லை. யூதர்களும் கத்தோலிக்கர்களும் கறுப்பினத்தவரும் வளாகத்துக்குள் வர ஆரம்பித்த பிறகுதான் 'வெள்ளையர் மட்டும்', 'கிறிஸ்தவர் மட்டும்', 'ஆரிய இரத்தம்' என்றெல்லாம் சங்க விதிகளில் எழுதி வைத்தார்கள். ஆரிய இரத்தம் என்ற சொல் ஃபை டெல்டா தீட்டாவின் விதியிலேயே இருந்தது. ஹிட்லர் தோற்று ஒன்பது வருஷம் கழித்து, 1954இல்தான் அதை எடுத்தார்கள்.

எழுதி வைத்திருந்தது ஒரு வகையில் வசதி. எதிர்க்க ஒரு வாசகமாவது கையில் இருந்தது. 1948இல் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியின் ஃபை கப்பா சை கிளை ஒரு கறுப்பின மாணவனைச் சேர்த்துக்கொண்டது. தலைமையகம் அந்தக் கிளையையே இடைநீக்கம் செய்தது. பையன்கள் 'போங்கடா' என்று பெயரைக் கொஞ்சம் மாற்றி உள்ளூர்ச் சங்கமாகத் தொடர்ந்தார்கள். 1965இல் ஸ்டான்ஃபோர்டின் சிக்மா கை கிளைக்கும் இதே கதி. இந்த இரண்டு சம்பவத்திலும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பத்தொன்பது வயசுப் பிள்ளைகள் சேர்த்துக்கொள்ளத் தயாராக இருந்தார்கள். தடுத்தது வெளியே இருந்த பெரியவர்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் திரும்ப வரும்.

சட்டம் என்ன செய்தது? கொஞ்சம் செய்தது. நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகம் 1953இல் இனப் பாகுபாடு காட்டும் சங்கங்களைத் தடை செய்தது, நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. ஆனால் மத்திய அரசுப் பக்கம் கதை வேறு. 1964இல் சிவில் உரிமைச் சட்டம் வந்தது. அடுத்த வருஷமே உயர்கல்விச் சட்டத்தில், இந்தச் சங்கங்களின் உறுப்பினர் தேர்வில் மத்திய அரசு கை வைக்கக் கூடாது என்கிற மாதிரி ஒரு வாசகத்தைச் செருகிவிட்டார்கள். பெரும்பாலான சங்கங்கள் 1960கள் முடிவதற்குள் தங்கள் விதியிலிருந்து அந்த வரிகளை அழித்துவிட்டன. விதி அழிந்தது. சேர்க்கை பெரிதாக மாறவில்லை.

இங்கேதான் என் மாதிரி ஆளுக்குக் கேள்வி சூடு பிடிக்கிறது. கோடில் இருந்த 'இஃப்' கண்டிஷனை எடுத்தாயிற்று, ஆனால் அவுட்புட் அப்படியே வருகிறது. அப்படின்னா வடிகட்டி வேறெங்கோ இருக்கிறது.

சொராரிட்டி சேர்க்கையை 'ரஷ்' என்பார்கள். வகுப்பு தொடங்குவதற்கு முன் ஒரு வாரம் நடக்கும். மாணவி முதல் நாள்களில் எல்லா வீடுகளுக்கும் போக வேண்டும். பாட்டு, கைதட்டல், ஐந்து பத்து நிமிஷப் பேச்சு. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் வீடுகள் சிலரைக் கழிக்கும், மாணவிகளும் தங்கள் விருப்பத்தை வரிசைப்படுத்திச் சொல்வார்கள். கடைசிச் சுற்றில் ஒன்றிரண்டு வீடுகள்தான் மிஞ்சும். இரு பக்கமும் தரவரிசைப் பட்டியல் கொடுக்க, பொருத்திப் பார்த்து 'பிட்' தருவார்கள். நம்மூர்ப் பரீட்சையில் அடிக்கிற பிட் இல்லை, அழைப்புச் சீட்டு.

இரண்டு பக்கமும் தரவரிசை கொடுத்துப் பொருத்துவது என்றதும் கம்ப்யூட்டர் படித்தவர்களுக்குப் பொறி தட்டியிருக்கும். 1962இல் கேல், ஷேப்லி இருவரும் எழுதிய நிலையான திருமணக் கணக்கு மாதிரியே இருக்கிறதே என்று. எனக்கும் தட்டியது. தேடினால் அதற்கு ஏற்கனவே ஒரு ஆய்வுக் கட்டுரை! 1991இல் சூசன் மாஞ்செல், ஆல்வின் ராத் இருவரும் சொராரிட்டி ரஷ்ஷை அப்படியே பொருத்தும் சந்தையாக வைத்து அலசியிருக்கிறார்கள். இந்த ராத்தான் பிற்பாடு 2012இல் ஷேப்லியோடு சேர்ந்து பொருளாதார நோபல் வாங்கியவர். அந்தக் கட்டுரை சொல்வது சுருக்கமாக: அந்த விதிமுறையை அப்படியே ஓட்டினால் எப்போதும் நிலையான பொருத்தம் வரும் என்று உத்தரவாதம் இல்லை. நடைமுறையில் பெரும்பாலான மாணவிகள் ஒரே ஒரு வீட்டின் பெயரை மட்டும் எழுதிக் கொடுப்பதால்தான் வண்டி ஓடுகிறது.

ஒரு வாரம் அந்தக் கட்டுரையிலேயே மூழ்கிக் கிடந்தேன். பைதானில் சின்னதாக எழுதிக்கூடப் பார்த்தேன். அப்புறம்தான் உறைத்தது, நான் தேடுவது இங்கே இல்லை என்று. கடைசி நாள் அல்காரிதத்துக்கு நிறம் தெரியாது. அதன் கைக்கு வரும் பட்டியலில் யார் பெயர் இருக்கிறது என்பதுதான் விஷயம். அது முதல் இரண்டு நாளிலேயே முடிவாகிவிடுகிறது.

எப்படி என்று கணக்காகச் சொல்கிறேன். எண்கள் நானே புரிவதற்காகப் போட்டவை. 2000 மாணவிகள் வருகிறார்கள் என்று வையுங்கள். ஒரு வீட்டுக்கு 100 இடம். பிரபலமான வீடு கூப்பிட்டால் எல்லோரும் திரும்ப வருவார்கள். அதனால் அது அதிகமானவர்களைக் கூப்பிட்டால் கடைசியில் பல பேர் ஏமாந்து நிற்பார்கள். இதைத் தவிர்க்க, பிரபலமான வீடுகள் முதல் சுற்றிலேயே நிறையப் பேரைக் கழித்துவிட வேண்டும் என்று 2000களின் தொடக்கத்தில் ஒரு முறை கொண்டுவந்தார்கள். நல்ல நோக்கம்தான். ஏமாற்றம் சீக்கிரமே வந்தால் மற்ற வீடுகளைப் பார்க்கலாம் இல்லையா. ஆனால் விளைவு? அந்த வீடு முதல் நாள் முடிவில் 2000 பேரில் 1400 பேரைக் கழிக்க வேண்டும். ஒவ்வொருவரோடும் பேசியது சில நிமிஷம். எதை வைத்துக் கழிப்பார்கள்? காகிதத்தை வைத்துத்தான். சிபாரிசு லெட்டர் இருக்கிறதா, அம்மாவோ பாட்டியோ இதே சொராரிட்டியா, எந்த ஸ்கூல், உள்ளே இருக்கும் பெண்களில் யாருக்காவது தெரியுமா, இன்ஸ்டாகிராம் பக்கம் எப்படி.

அம்மா, பாட்டி விஷயத்துக்கு 'லெகஸி' என்று பெயர். இப்போது யோசியுங்கள். 1960களில் கறுப்பினப் பெண்ணை ஏறக்குறைய யாருமே சேர்க்கவில்லை. ஆகவே இன்றைய கறுப்பினப் பெண்ணுக்கு லெகஸி பாட்டி கிடையாது. லெட்டர் எழுத அத்தை கிடையாது. இப்போது யார் மனசிலும் ஒரு துளி வெறுப்பு இல்லை என்றே வைத்துக்கொண்டாலும், அறுபது வருஷத்துக்கு முந்தைய இன்புட் இன்றைய அவுட்புட்டாக வரும்.

சரி, வெறுப்பு இல்லவே இல்லையா என்றால், அப்படியும் இல்லை. அலபாமாவுக்கு வருவோம்.

அலபாமா பல்கலைக்கழகம் என்றால் அமெரிக்க வரலாற்றில் ஒரு படம் ஞாபகம் வரும். 1963 ஜூன் 11, ஆளுநர் ஜார்ஜ் வாலஸ் இரண்டு கறுப்பின மாணவர்களை உள்ளே விடாமல் வாசலை மறித்து நின்றது. மாணவர்கள் அன்றைக்கே உள்ளே போய்விட்டார்கள். ஆனால் சொராரிட்டி வீடுகளின் வாசல் வேறு. 1986இல் ஒரு கறுப்பினச் சொராரிட்டி, வெள்ளைச் சொராரிட்டிகள் இருக்கும் தெருவில் குடியேறப் போகிறது என்றதும் அந்த வீட்டுப் புல்வெளியில் சிலுவையை எரித்தார்கள். கு கிளக்ஸ் கிளானின் பழைய மிரட்டல் முறை அது. 2003இல் ஒரு வெள்ளைச் சொராரிட்டி வழக்கமான ரஷ் வழியாக ஒரு கறுப்பின மாணவியைச் சேர்த்தது. ஒரே ஒருவர். அதோடு நின்றது.

2013 செப்டம்பரில் அந்த வளாகத்து மாணவர் பத்திரிகையான 'தி கிரிம்சன் ஒயிட்' ஒரு செய்தி போட்டது. கறுப்பின மாணவி ஒருவர் ரஷ்ஷுக்கு வந்தார். பள்ளியில் இரண்டாமிடம், ஏறக்குறைய முழு மதிப்பெண், மாநிலத்தில் பெயர் சொன்னால் தெரியும் குடும்பம். 16 சொராரிட்டிகளில் ஒன்றுகூட பிட் தரவில்லை. இதுவரை கேட்ட கதைதான். புதிதாக நடந்தது என்னவென்றால், ஒரு சொராரிட்டியின் உறுப்பினரே தன் சொந்தப் பெயரில் பத்திரிகைக்குப் பேசினார். உள்ளே இருந்த பெண்கள் பலருக்கு அந்த மாணவியைச் சேர்க்க விருப்பம் இருந்தது, பழைய உறுப்பினர்களாக இருந்த ஆலோசகர்கள்தான் ஓட்டுக்கு வருவதற்கு முன்பே பெயரை எடுத்துவிட்டார்கள் என்றார். கேட்டதற்கு ஆலோசகர்கள் சொன்ன காரணம் என்ன தெரியுமா? சிபாரிசு லெட்டர் நிபந்தனை சரியாகப் பூர்த்தியாகவில்லையாம்.

இதைப் படித்தபோது எனக்கு அக்காவின் போன்தான் ஞாபகம் வந்தது. 1948 ஆம்ஹர்ஸ்ட்டும்தான். அங்கே பையன்கள் கிளையை உடைத்துக்கொண்டு போனார்கள். இங்கே பெண்கள் பத்திரிகையிடம் போனார்கள். தடுத்தவர்கள் இரண்டு இடத்திலும் மூத்த தலைமுறை. வீடும் பணமும் அவர்கள் கையில்.

செய்தி நாடு முழுக்கப் பரவியது. மாணவர்களும் பேராசிரியர்களும் நிர்வாகக் கட்டிடத்துக்கு ஊர்வலம் போனார்கள். அப்போதைய தலைவர் ஜூடி பானர் சேர்க்கையை மறுபடி திறந்துவைக்கச் சொன்னார். அதாவது ஒரு வாரத்தோடு முடியாமல் எப்போது வேண்டுமானாலும் பிட் தரலாம். சில நாளிலேயே 11 கறுப்பின மாணவிகளுக்கு பிட் போனது. அடுத்த வருஷம் இருபது பேர் போலச் சேர்ந்தார்கள். ஐம்பது வருஷமாக 'முடியாது' என்றது ஒரே வாரத்தில் முடிந்தது என்றால், தடை எவ்வளவு மெல்லியது, எத்தனை குறைவான ஆட்கள் அதைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் ரஷ்ஷுக்கு வருவோர் இரண்டாயிரம் பேர் என்னும்போது இருபது என்பது ஒரு சதவீதம்தான். இதையும் சொல்லியாக வேண்டும்.

ஆண்கள் பக்கம் சுருக்கமாக. அவர்கள் சேர்க்கையில் இவ்வளவு சுற்றும் கணக்கும் கிடையாது. சேர்ந்து சுற்றி, குடித்து, பிடித்தால் சேர்த்துக்கொள்வார்கள். விதி இல்லாத இடத்தில் பழக்கம்தான் விதி. 2015இல் ஓக்லஹோமா பல்கலைக்கழக எஸ்.ஏ.இ. கிளைப் பையன்கள் பஸ்ஸில் ஒரு இனவெறிப் பாட்டைப் பாடிய வீடியோ வெளியானது. கறுப்பினத்தவர் ஒருவர்கூட எங்கள் சங்கத்துக்குள் வரமுடியாது என்பதுதான் பாட்டின் சாரமே. தலைமையகம் கிளையை உடனே மூடியது. விசாரணையில், அந்தப் பாட்டை அவர்கள் கற்றது சங்கத்தின் தேசிய அளவிலான ஒரு கப்பல் பயணத்தில் என்று தெரியவந்தது. இந்தச் சங்கம் 1856இல் தொடங்கப்பட்ட இடம், அதே அலபாமா பல்கலைக்கழகம்.

வெளியே நின்றவர்கள் சும்மா நிற்கவில்லை. கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1904-05இல் படித்த கறுப்பின மாணவர்கள் ஆறு பேர் அடுத்த வருஷம் திரும்பி வரவில்லை. மிச்சமிருந்தவர்கள் சேர்ந்து படிக்கவும் ஒருவரையொருவர் தாங்கிக்கொள்ளவும் தொடங்கிய குழு 1906 டிசம்பரில் ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா ஆனது. மார்ட்டின் லூதர் கிங், உச்ச நீதிமன்ற நீதிபதி தர்குட் மார்ஷல் எல்லாம் இதன் உறுப்பினர்கள். 1908இல் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா. 1913இல் அங்கேயே டெல்டா சிக்மா தீட்டா. இந்த டெல்டா பெண்கள் தொடங்கிய இரண்டாவது மாதமே வாஷிங்டனில் பெண்கள் வாக்குரிமை ஊர்வலத்தில் நடந்தார்கள். இப்படி ஒன்பது சங்கங்கள். 'டிவைன் நைன்' என்பார்கள். கல்லூரி முடிந்ததும் முடிந்துவிடுகிற உறவு இல்லை, ஐம்பது வயதிலும் கிளைக் கூட்டத்துக்குப் போவார்கள்.

2020இல் கமலா ஹாரிஸ் துணை அதிபர் வேட்பாளராகப் பேசியபோது 'சித்தி' என்று தமிழில் சொன்னதை நம்ம பத்திரிகைகள் பிடித்துக்கொண்டு ஆடித் தீர்த்தன. அதே மூச்சில் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவையும் டிவைன் நைனையும் தன் குடும்பம் என்று சொன்னார். அதை இங்கே யாரும் கண்டுகொள்ளவில்லை. அவர் 1986இல் ஹோவர்டில் அந்தச் சொராரிட்டியில் சேர்ந்தவர்.

யூதர்கள், சீனர்கள், ஜப்பானியர்கள், லத்தீனோக்கள் என எல்லோரும் இதே வழியில் தங்களுக்கென்று தொடங்கினார்கள். நம்மாட்கள் பெருமளவில் கல்லூரி வயசுக்கு வந்தது 1990களில். அப்போதுதான் தெற்காசியச் சங்கங்கள் வரிசையாக முளைத்தன: 1994இல் பிங்ஹாம்டனில் அயோட்டா நியூ டெல்டா, 1996இல் பென்சில்வேனியாவில் சிக்மா பீட்டா ரோ, 1998இல் ஆஸ்டினில் கப்பா ஃபை காமா. எச்1பி அப்பா அம்மாக்களின் பிள்ளைகள் கிரேக்க எழுத்துச் சட்டை போட்டுக்கொண்டு பாங்க்ரா ஆடுவதை யூடியூபில் பார்த்தபோது எனக்குச் சிரிப்பதா வியப்பதா என்று தெரியவில்லை.

தனித்தனியாக இருப்பது நல்லதா? இதில் என் கருத்து இரண்டு மூன்று முறை மாறியிருக்கிறது. ஜிம் சிடானியஸ் என்ற உளவியலாளரும் குழுவினரும் யூசிஎல்ஏ மாணவர்களைப் பல வருஷம் தொடர்ந்து கவனித்து 2004இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஃபிரட்டர்னிட்டி, சொராரிட்டியில் சேர்ந்த வெள்ளை மாணவர்களிடம் 'எங்கள் இனத்துக்குத்தான் அநியாயம் நடக்கிறது' என்ற எண்ணம் கூடியிருந்தது. சிறுபான்மை இன மாணவர் அமைப்புகளில் சேர்ந்தவர்களிடமும் அதே மாதிரி எண்ணம் கூடியது. இரண்டுமே சுவர் எழுப்புகின்றன என்று இதைப் படிப்பவர்கள் உண்டு. எனக்கு அந்தச் சமன்பாடு முழுதாக ஒப்பவில்லை. ஒன்று கதவைச் சாத்தியவர்கள் கட்டியது, மற்றது சாத்தப்பட்ட கதவுக்கு வெளியே கட்டியது. ஆனாலும் அளந்து பார்த்தவர்கள் சொன்னதை எனக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக மறைக்க முடியாது.

இன்னொரு பக்கம், வெள்ளைச் சங்கத்தில் தனி ஆளாகச் சேர்ந்த சிறுபான்மையினர் என்ன ஆகிறார்கள்? மாத்யூ ஹ்யூகி என்ற சமூகவியலாளர் அவர்களைப் பேட்டி கண்டு 2010இல் எழுதியது மனசில் தங்கிவிட்டது. சேர்த்துக்கொள்கிறார்கள். ஆனால் தங்கள் இனத்தைப் பற்றிய வழக்கமான பிம்பத்துக்கு ஏற்றபடி நடந்துகாட்டினால்தான் அந்த இடம் நிலைக்கிறது. எண்ணிக்கை கூடிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்கிற என் மாதிரி எக்ஸெல் ஆசாமிகளுக்கு நல்ல அடி.

2020 கோடையில் ஜார்ஜ் ஃபிளாய்டு கொலைக்குப் பிறகு சில கல்லூரிகளில் இந்தச் சங்கங்களையே ஒழிக்க வேண்டும் என்று உறுப்பினர்களே கிளம்பினார்கள். கூட்டமாக ராஜினாமா செய்தார்கள். ஒழியவில்லை. ஆனால் டெல்டா காமா முதலிய பல சொராரிட்டிகள் லெகஸி முன்னுரிமையை எடுத்தன. சிபாரிசு லெட்டர் கட்டாயம் என்பதையும் பல அமைப்புகள் கைவிட்டன. என் கணக்கில் இதுதான் சரியான இடத்தில் கை வைத்தது, ஏனென்றால் வடிகட்டி இருந்ததே அங்கேதான். ஆனால் கட்டணம் அப்படியே இருக்கிறது. முதல் சுற்றிலேயே பெருங்கூட்டத்தைக் கழிப்பதும் அப்படியே. லெட்டர் போன இடத்தில் இன்ஸ்டாகிராம் உட்கார்ந்துகொண்டது. 2021 ஆகஸ்டில் அலபாமா ரஷ் வீடியோக்கள் டிக்டாக்கில் பரவியபோது, பார்த்தவர்கள் முதலில் கேட்டதே 'என்ன எல்லாரும் ஒரே மாதிரி இருக்காங்க?' என்பதுதான்.

அக்கா பொண்ணு கதைக்கு வருகிறேன். 2019 ஆகஸ்டில் ரஷ்ஷுக்குப் போனாள். முதல் சுற்று முடிந்ததும் நாலு வீடுகள்தான் மிஞ்சின. லெட்டர் கொடுத்த வீடு அந்த நாலில் ஒன்று. மூன்றாம் நாள் அதுவும் போய்விட்டது. மிச்சமிருந்த ஒரு வீட்டுக்குப் போக அவளே விரும்பவில்லை. நிறத்தாலா என்று அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள். யாரும் காரணம் சொல்ல மாட்டார்கள், அந்த ஏற்பாடே அப்படித்தான். அவளோடு நின்ற வெள்ளைப் பெண்களிலும் எத்தனையோ பேர் அழுதுகொண்டு வெளியே போனார்கள்.

போன மாதம் அவளோடு பேசியபோது இந்தக் கட்டுரை எழுதுவதைச் சொன்னேன். இப்போது டல்லாஸில் வேலை. "மாமா, அந்த லெட்டர் எழுதிக் குடுத்த ஆன்ட்டி, என்கிட்ட ஒரு வருஷம் கழிச்சு சாரி சொன்னாங்க தெரியுமா?" என்றாள். எதற்கு என்று கேட்டேன். "அது சொல்லல."